பேச்சு நிற்கும் இடம்

டிரெட்மில் அறைக்கு வெளியே இருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, ஷூ லேசை மூன்றாவது முறையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் மனைவி ஸ்டெல்லா, மடியில் ரிப்போர்ட் பையுடன். உள்ளே யாரோ ஒருவர் ஓடும் சத்தம் கதவைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றால் அடுத்து என் பெயரைக் கூப்பிடுவார்கள். அது நிற்காமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். உள்ளே ஓடுகிறவரின் கஷ்டம் எனக்குத் தோன்றவே இல்லை.

"லேஸ் நல்லாத்தாங்க இருக்குது. சும்மா கெடங்க" என்றாள் ஸ்டெல்லா.

எனக்கு மாரடைப்பு வந்து அப்போது மூன்று மாதம் முடிந்திருந்தது. இதயத்தின் முன்பக்க ரத்தக் குழாயில் ஒரு ஸ்டென்ட் (அடைப்பை விரித்துப் பிடிக்கும் மெல்லிய கம்பி வலை) இருக்கிறது. என்னைப்போல் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, மறுபடி சைக்கிளில் ஏறலாமா, ஏறினால் எவ்வளவு மிதிக்கலாம், அதை எந்தச் சோதனையை வைத்துத் தெரிந்துகொள்வது என்று போனில் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் தேடினேன். கிடைத்த பதில்கள் எல்லாம், தங்களுக்கு இதயம் என்று ஒன்று இருப்பதையே மறந்து வாழும் பாக்கியசாலிகள் எழுதியவை.

நான் டாக்டர் இல்லை. மரக்காணத்தில் உப்பள சூப்பர்வைசர். என் உடம்புக்குச் சொன்னது உங்கள் உடம்புக்குப் பொருந்தாமல் போகலாம். உங்கள் டாக்டரைக் கேளுங்கள். இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. ஏன் என்பது போகப்போகப் புரியும்.

உப்பள வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். பதினோரு மணிக்கெல்லாம் ஆட்கள் வெயிலுக்குப் பயந்து கரையேறிவிடுவார்கள். பிற்பகல் முழுக்க என் கையில். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று நாற்பத்தைந்து வயதில் சொன்னார்கள். அந்தப் பயத்தில் சைக்கிளில் ஏறியவன், பிறகு பயம் போய் ஆசையில் ஓட்ட ஆரம்பித்தேன். குயிலாப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் தினகரன் ஒரு பழைய கியர் சைக்கிளைத் தயார் செய்து கொடுத்தான். ஒரே நாளில் இருநூறு கிலோமீட்டர் ஓட்டும் பயணத்துக்குப் பேர் கொடுக்கலாம் என்று உசுப்பேற்றியவனும் அவன்தான்.

அதற்கு முறையான பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு முதலில், இன்றைக்கு நம் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்ற அளவு வேண்டும். மிதிக்கும் விசையை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. அதனால் எளிய வழியைப் பிடித்தேன். அரை மணி நேரம் முடிந்த மட்டும் விரட்டி ஓட்டுவது, வேகத்தையும் துடிப்பையும் காட்டும் என் கைக்கடிகாரத்தில் சராசரி வேகத்தைப் பார்த்து எழுதிக்கொள்வது. மாதம் ஒரு முறை. அந்த எண்ணை வைத்துத்தான் மெதுவாக ஓட்டும் நாள் எது, வேகமாக ஓட்டும் நாள் எது என்று திட்டம் போடுவேன்.

மாலை நான்கு மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போவேன். அது உடம்பைச் சூடேற்ற. எதிர்க்காற்றில் திணறித் திணறிப் போவேன். திரும்பி வடக்கே வரும்போதுதான் டெஸ்ட். பிப்ரவரியில் ஓர் எண். மார்ச்சில் அதைவிடக் கூடுதல். ஏப்ரலில் இன்னும். மே மாதக் கடைசியில் வந்த எண்ணைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருந்தது. தினகரனுக்கு அனுப்பினேன். "அண்ணே, நீங்க மனுசனே இல்ல" என்று எழுதினான்.

ஜூன் மாதம் ஒரு காலை, ஒன்பது மணி இருக்கும். பாத்திகளுக்கு நடுவே வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். தாடையில் ஆரம்பித்தது. யாரோ உள்ளேயிருந்து கீழ்த்தாடையைப் பிடித்து இழுப்பதுபோல. பிறகு இடது தோள். சட்டை நனைந்துவிட்டது. உப்பளத்தில் ஒருவன் வேர்த்து நிற்பதை யார் கவனிப்பார்கள்? வரப்பிலேயே உட்கார்ந்துவிட்ட பிறகுதான் ஆட்கள் ஓடி வந்தார்கள். மரக்காணத்தில் ஈ.சி.ஜி. எடுத்து, ஆம்புலன்சில் ஏற்றி, புதுச்சேரி கொண்டுபோனார்கள். அன்றே ஆஞ்சியோகிராம் (ரத்தக் குழாய்க்குள் சாயம் செலுத்தி அடைப்பைப் பார்க்கும் படம்), அன்றே ஸ்டென்ட்.

அவசரப் பிரிவில் டாக்டர் குனிந்து கேட்டார். "இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வலி வந்திருக்குதா?"

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா நின்றாள். தாலுகா ஆபீஸ் எதிரே இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறவள். பாதியில் எழுந்து வந்திருக்கிறாள் போல, விரலில் ஸ்டாம்பு மை இருந்தது.

"இல்ல மேடம். இதான் மொத தடவ" என்றேன்.

அது பொய். அது என் கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. அதன் பிறகு வீட்டுக்கு வந்து பார்த்த ஒவ்வொரு சொந்தக்காரரிடமும், கோயிலில் விசாரித்தவர்களிடமும் ஸ்டெல்லா அதையே சொன்னாள். "ஒரு அறிகுறியும் இல்லீங்க. திடீர்னு வந்துடுச்சு. நம்ம கையில என்னா இருக்குது?" அவள் சொல்லும்போதெல்லாம் நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நடந்தது இதுதான். மாரடைப்புக்கு மூன்று வாரத்துக்கு முன்பு, அந்த அதிசய எண் வந்த அதே டெஸ்டில், கடைசி ஐந்து நிமிடம் தாடை இறுகியது. நிறுத்தியதும் இரண்டு நிமிடத்தில் விட்டுப் போனது. பல்லாக இருக்கும் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்பதுதான் சரி. கடிகாரத்தில் இதுவரை வராத எண். இவ்வளவு நன்றாக ஓடும் உடம்புக்கு என்ன வந்துவிடும்? அதற்குப் பிறகு இரண்டு முறை வந்தது, போனது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டெல்லா சைக்கிளைப் பிடுங்கிவிடுவாள் என்ற பயம்.

வீட்டில் ஓய்வாகக் கிடந்த நாட்களில் ஒரு நாள், பொழுது போகாமல் என் இரண்டு நோட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்று உப்பள நோட்டு. தினமும் எந்தப் பாத்தியில் உப்பு நீரின் அடர்த்தி எத்தனை டிகிரி, எவ்வளவு உப்பு வாரினோம், காற்று எப்படி என்று எழுதுவது. மற்றது சைக்கிள் நோட்டு. பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

உப்பள நோட்டில் நானே எழுதியிருந்தேன். பிப்ரவரி: தெற்குக் காற்று லேசு. மார்ச்: சுமார். ஏப்ரல்: நல்ல காற்று. மே: பலம். காற்று ஏற ஏற உப்பு ஏறியிருந்தது. காற்று ஏற ஏற என் வேகமும் ஏறியிருந்தது.

என் முதுகைத் தள்ளிக்கொண்டு வந்த காற்றை அளந்து, என் நெஞ்சின் பலம் என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் காற்று இல்லையென்றால் என் வேகம் மாதாமாதம் குறைந்துகொண்டு வந்திருப்பது தெரிந்திருக்கும். யார் வேண்டுமானாலும் இந்தத் தப்பைச் செய்யலாம், நான் செய்யலாமா? காற்றை வைத்துப் பிழைக்கிறவன். நேற்று எந்த மூலையில் அளந்தாயோ அதே மூலையில், அதே நேரத்தில் அள என்று ஆட்களைத் திட்டுகிறவன். வெட்கத்தில் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இதை டாக்டரிடம் சொன்னபோது அவர் ஆறுதலாகத்தான் பேசினார். "சைக்கிள் ஓட்டினதால அடைப்பு வரல சேவியர். உங்க அப்பாவும் அம்பது வயசுல இப்படித்தான் போனாருன்னு சொன்னீங்க இல்ல? சர்க்கரை, கொழுப்பு, பரம்பரை, எல்லாம் சேர்ந்தது. சைக்கிளை விடச் சொல்ல மாட்டேன். அளவு தெரிஞ்சு ஓட்டுங்க." நோட்டைப் பற்றிச் சொன்னவன், தாடையைப் பற்றிச் சொல்லவில்லை.

டிரெட்மில் சோதனை (பட்டையின் வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டிக்கொண்டே போய், கூடவே ஈ.சி.ஜி. பார்ப்பது) நன்றாகவே முடிந்தது. நெஞ்சில் ஒட்டிய வயர்களும், பக்கத்தில் நின்ற டாக்டரும், நான் "போதும்" என்று சொன்னால் நிறுத்தத் தயாராக ஒரு கையும். மூன்று மாதத்தில் முதல் முறையாக, பயப்படாமல் மூச்சு வாங்கினேன். மெதுவாக ஓட்டலாம் என்று அனுமதி கிடைத்தது.

மெதுவாக என்றால் எவ்வளவு? அங்கேதான் என் கவலை தொடங்கியது. இருநூற்று இருபதிலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத் துடிப்பு என்று எங்கும் போட்டிருக்கும் கணக்கு எனக்கு உதவாது. நான் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பை வேண்டுமென்றே அடக்கி வைக்கும் மாத்திரை) அந்தக் கணக்கைக் குலைத்துவிடும். கடிகாரம் குறைந்த துடிப்பைக் காட்டும், நாம் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு உடம்பை வாட்டிக்கொண்டிருப்போம். பழைய அரை மணி நேர டெஸ்டை மறுபடி செய்யத் துணிவில்லை. எந்த எண்ணை நம்புவது என்று தெரியாமல், மழைக்காலம் முழுவதும் சைக்கிளைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் உடம்பில் எது அசைந்தாலும் எனக்கு மாரடைப்புதான். ஏப்பம் வந்தால் நாடி பிடித்துப் பார்ப்பேன். தோளில் கொசு கடித்தால் இடது தோளா வலது தோளா என்று யோசிப்பேன். இதைப் படித்துச் சிரிக்காதவர் யாராவது இருந்தால், அவருக்கு என் நிலைமை புரியும்.

ஜனவரியில் தினகரன் ஒரு வழி சொன்னான். அவன் கடையில் சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிக்கும் இயந்திரம் இருக்கிறது. "ராம்ப் டெஸ்ட் பண்ணலாம்ணே. நிமிசத்துக்கு நிமிசம் கொஞ்சம் கொஞ்சமா டைட் ஆவும். முடியாத எடத்துல நிறுத்திடலாம். காத்து கெடையாது, ஒண்ணும் கெடையாது. சுத்தமான நம்பர்."

காற்று கிடையாது என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. செயினுக்கு எண்ணெய் விட்டு வருகிறேன் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

முதல் மூன்று படிகள் சுகம். நான்காவதில் மூச்சு ஏறியது. ஐந்தாவதில் என் கவனம் கால்களை விட்டுத் தாடைக்குப் போய்விட்டது. இறுகுகிறதா? இறுகுகிறது. நான் பல்லைக் கடித்திருப்பதால் இறுகுகிறதா, இல்லை அதுவா? பல்லை விட்டேன். இன்னும் இறுகியது. அறிகுறி எது, பயம் எது என்று பிரித்தறிய முடியவில்லை. முடியாத இடத்தில்தான் நிறுத்தவேண்டும் என்றால், எனக்கு முடியாத இடம் எது? போன முறை அது ஓர் உப்பள வரப்பு.

இறங்கிவிட்டேன். தினகரன் முகத்தில் ரத்தமே இல்லை. "இன்னாண்ணே, இன்னா ஆச்சு? ஆட்டோ கூப்புடவா?" ஒன்றுமில்லை என்றேன். அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டுத்தான் விட்டான்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் அவன் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்துவிட்டான். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "செயினுக்கு எண்ணெ விட்டாச்சா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, நான் உட்காருவதற்கு முன்பே அவள் தொடங்கிவிட்டாள்.

"மேடம், இவரு எங்கிட்ட சொல்லாம கடையில போயி டெஸ்ட் பண்றாரு. கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "கடையில டாக்டர் இருக்காரா?"

"இல்ல மேடம்."

"நெஞ்சு நின்னா ஷாக் குடுக்கற மெஷின்?"

"இல்ல மேடம்."

"உச்சத்தைத் தொடற டெஸ்ட் எதுவா இருந்தாலும் இங்க, இந்த ரூம்ல, வயர் மாட்டிக்கிட்டுத்தான். வெளியில உங்களுக்கு உச்சம் தேவையே இல்ல. வெளியில ஒண்ணே ஒண்ணு பாருங்க. பேச்சு. ஓட்டும்போது முழு வாக்கியமா சாதாரணமா பேச முடியுதா? அப்ப சரி. வாக்கியம் ரெண்டா, மூணா உடையுதா? அந்த எடத்துல துடிப்பு எவ்வளவுன்னு பார்த்து எழுதுங்க. அதுக்குக் கீழ ஓட்டுங்க. தாடை, நெஞ்சு, தோள், தலைச்சுத்தல், எது வந்தாலும் நிறுத்திட்டுக் கூப்பிடுங்க. மாத்திரை தினமும் அதே நேரத்துல. டெஸ்டும் அதே நேரத்துல."

அவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இருநூறு கிலோமீட்டர் கனவு கண்டவனுக்குப் பேச்சு டெஸ்டா? ஸ்டெல்லாவுக்கு ஏமாற்றம் இல்லை. "பேச வைக்கறதுதானே மேடம்? அத நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பிப்ரவரிக் கடைசியில் தொடங்கினோம். பெரிய சாலை வேண்டாம் என்று உப்பளங்களுக்கு நடுவே தெற்கு வடக்காகப் போகும் சின்னச் சாலையைத் தேர்ந்தெடுத்தோம். மாலை நான்கரை மணி. நான் சைக்கிளில் முன்னால், அவள் ஸ்கூட்டரில் பின்னால். முதல் நாள் பழைய பழக்கத்தில் வடக்கே ஓட்டினேன். நான் பேசியது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. தெற்குக் காற்று என் பேச்சை முன்னால் அடித்துக்கொண்டு போய்விட்டது. திரும்பி, காற்றுக்கு எதிராகத் தெற்கே போனபோதுதான் என் மூச்சு உடைவதுகூட அவள் காதில் விழுந்தது. அவள்தான் தொண்டை கிழியக் கத்தவேண்டியிருந்தது. ஆக, மாதக்கணக்கில் நான் டெஸ்ட் செய்த திசைக்கு நேர் எதிர்த் திசையில் என் புது டெஸ்ட். காற்றுக்கு ஏற்றபடி வேகம் மாறும், ஆனால் இதில் வேகத்தை எழுதுவதே இல்லை.

என்ன பேசுவது என்பதில் முதலில் சிக்கல். மனப்பாடமான ஜெபம் சொன்னால் யோசிக்காமல் வாயில் வந்துவிடுகிறது. வீட்டு விஷயம் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால் அவள் தன் வேலையிலேயே ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் நூறு பேரிடம் விண்ணப்பத்துக்காகக் கேட்கும் கேள்விகளை வரிசையாக என்னிடம் கேட்க ஆரம்பித்தாள்.

"விண்ணப்பதாரர் பேரு?"

"சேவியர்."

"முழு வாக்கியமா சொல்லுங்க!"

"என் பேரு சேவியர்ங்க, அப்பா பேரு சூசைங்க."

"எத்தன வருசமா இந்த அட்ரஸ்ல இருக்கறீங்க?"

தொழில், கல்வி, குடும்பத்தில் எத்தனை பேர், எதற்காக விண்ணப்பிக்கிறீர்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் தினம் ஒரு பதில் சொல்வேன். பொண்டாட்டி தொல்லையிலிருந்து விடுதலை வேண்டி என்று ஒரு நாள் சொன்னேன். ஆரன் அடித்தே காதைக் கிழித்தாள். எல்லாம் முடிந்ததும், விண்ணப்பத்தின் அடியில் இருக்கும் உறுதிமொழியை அவளுடைய கவுன்ட்டர் குரலில் கேட்பாள். "மேலே சொன்னது எல்லாம் உண்மைன்னு உறுதி சொல்றீங்களா?"

"உறுதி சொல்றேங்க."

பிறகு நிறுத்தி, பேச்சு எங்கே உடைந்தது, அப்போது துடிப்பு எவ்வளவு என்று அவள் ஒரு புது நோட்டில் எழுதுவாள். தேதி, மாத்திரை போட்ட நேரம், பேச்சு நின்ற இடத்துத் துடிப்பு, காரணம் என்று நான்கு கட்டம். காரணக் கட்டத்தில் எப்போதும் ஒரே வார்த்தை: மூச்சு. முதல் வாரம் தொண்ணூற்றெட்டு. மார்ச் நடுவில் நூற்று நான்கு. டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா முன்னேறுது" என்றார். பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும் வரைக்கும் நான் தாடையைப் பற்றி நினைப்பது குறைந்தது.

அந்த நாள் மார்ச் கடைசியில் வந்தது. அன்று காலையில்தான் ஸ்டெல்லாவின் அண்ணன் வந்திருந்தார். அவருக்கும் என்னைப்போல் ஐம்பதை ஒட்டிய வயது. மாடி ஏறினால் தோள் வலிக்கிறது, வாயுவாக இருக்கும் என்றார். ஸ்டெல்லா அவரைத் தேற்றினாள். "பயப்படாதண்ணா. இவருக்கு வலியே வரல. அது வந்தா திடீர்னுதான் வரும். ஒனக்கு இருக்கறது வாயுதான்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் வாசலில் நின்று அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

மாலையில் நல்ல எதிர்க்காற்று. பேர் சொன்னேன், தகப்பன் பேர் சொன்னேன், வயது சொன்னேன். மூச்சு ஒரே சீராக இருந்தது. அவ்வளவு நாட்களில் அவ்வளவு லேசாக நான் ஓட்டியதில்லை. பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"மேலே சொன்னது எல்லாம் உண்மைன்னு உறுதி சொல்றீங்களா?"

வாயைத் திறந்தேன். வரவில்லை.

"ஏங்க!"

மிதித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் நகர்ந்தன.

"ஏங்க! பேசுங்க! நிறுத்துங்க! சேவியர், நிறுத்து!"

கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் அவள் என்னைப் பேர் சொல்லி, ஒருமையில் கூப்பிட்டது அன்றைக்குத்தான். நிறுத்தினேன். ஸ்கூட்டரை ஸ்டாண்டுகூடப் போடாமல் கீழே தள்ளிவிட்டு ஓடி வந்தாள். ஒரு கை என் நெஞ்சில், மறு கையில் போன்.

"எங்க வலிக்குது? தாடையா? கையா?"

"வலிக்கல ஸ்டெல்லா. மூச்சு இருக்குது. நல்லா இருக்கறேன்."

"அப்பறம் ஏன் பேசல?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரில பொய் சொன்னேன். அது மொத தடவ இல்ல. மூணு வாரமா வந்துச்சு. மூணு தடவ. தாடையில. ஒங்கிட்ட சொன்னா சைக்கிள எடுத்துடுவியோன்னு சொல்லல. ஒங்க அண்ணனுக்குப் போன் பண்ணு. அவருக்கு வாயு இல்ல."

ஒரு வார்த்தைகூட உடையாமல் சொல்லி முடித்தேன்.

அவள் நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள். அந்தக் கையாலேயே என் தோளில் ஓங்கி அடித்தாள். "மூணு வாரம் ஒரே வூட்ல இருந்தேன். ஒரே தட்டுல சோறு போட்டேன். ஊரெல்லாம் என்னைப் பொய் சொல்ல வெச்சிட்டீங்களே!" என்று சொல்லி அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் செய்தாள். மறுநாளே அவரைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனாள். அவருக்கு இப்போது மாத்திரை ஓடுகிறது, ஸ்டென்ட் தேவைப்படவில்லை. என் கேஸ் ஷீட்டிலும் டாக்டர் பழைய வரியை அடித்துத் திருத்தினார்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதற்குள் வந்துவிட்டது. எந்த டெஸ்ட் நல்லது என்று கேட்டால், இப்போதைக்கு என் உடம்புக்கு இதுதான். இருநூறு கிலோமீட்டர் வருமோ வராதோ தெரியாது. முன்பு ஒரு வருஷம் கழித்து வரப்போகும் எண்ணுக்காக உடம்பை விரட்டினேன். இப்போது ஒரு வாக்கியம் முடியும் வரைக்கும்தான் என் காலம். அது முடிந்தால் அடுத்த வாக்கியம். காலையில் எழுந்ததும், அவள் கேட்கும் முன்பே, தாடையில் ஒன்றும் இல்லை என்றோ இருக்கிறது என்றோ சொல்லிவிடுகிறேன்.

அன்று சாலையிலேயே, ஸ்கூட்டரை நிமிர்த்தி வைத்துவிட்டு, அவள் நோட்டை எடுத்தாள். என் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தில் பேச்சு நின்ற நேரத்துத் துடிப்பைத் தேடிப் பார்த்து எழுதினாள். நூற்று இரண்டு. காரணக் கட்டத்தில் பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தை இப்போதும் எடுத்துப் பார்க்கிறேன். காரணம்: மூச்சு அல்ல.